மண்சரிவுச் செய்தியில் நான் விற்ற தேயிலை

இரண்டாயிரங்களின் நடுவில் ஹட்டனில் ஒரு தேயிலைக் கடையில் வேலை பார்த்தேன். வெளிநாடுகளில் இருக்கும் நம் ஆட்களுக்கு இணையத்தின் வழியாகத் தேயிலை விற்ற கடை அது. வாடிக்கையாளர்களுக்கு வாரம் ஒரு மின்னஞ்சல் அனுப்புவது என் பொறுப்பு. "தரமான தேயிலை, நியாயமான விலை" என்று இரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருந்தேன். பதில் வந்தால் அதிசயம்.

பிறகு பூண்டுலோயாவிலிருந்து ஒரு பெண் வேலைக்கு வந்தாள். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். கம்ப்யூட்டர் கோர்ஸ் சான்றிதழ் என்னிடம் இருந்தது, அவளிடம் இல்லை. முதலாளி ஒரு வாரம் அவளை எழுதிப் பார்க்கச் சொன்னார். அன்றைய பத்திரிகையிலிருந்து ஒரு செய்தியை எடுத்துக்கொண்டாள். மழையில் வட்டகொடை ஸ்டேஷனில் ரயில் நின்றுபோனது, பயணிகள் பக்கத்து லயங்களில் ஏறித் தேத்தண்ணி குடித்தது என்று எழுதி, கடைசியில் ஒரே வரியில் "புதுக் கொழுந்துத் தூள் வந்திருக்கிறது" என்று முடித்தாள்.

மறுநாள் காலை பதில்கள் குவிந்திருந்தன. "ஸ்டேஷன் பக்கத்து மாமரம் இன்னும் நிக்குதாம்மா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆர்டரும் போட்டிருந்தார்.

"பாத்தீங்களா?" என்றார் முதலாளி என்னிடம். "ஆளுங்க தேயிலைய வாங்கல, ஊரை வாங்குறாங்க."

எனக்கு வயிறு எரிந்தது. சம்பளப் பேச்சுவார்த்தை, பரீட்சை முடிவு, கிரிக்கெட் என்று எந்தச் செய்தியைத் தொட்டாலும் அவளுக்குப் பதில் வந்தது. அவள் வருவதற்கு முன்பே கடைக்குப் போய்ப் பத்திரிகையைப் படிக்கத் தொடங்கினேன். ஒருநாள் நடுப்பக்கத்தை உருவி என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"அண்ணே, நடுப்பக்கத்தக் காணோமே?"

"வர்றப்பவே இல்ல" என்றேன், அவள் முகத்தைப் பார்க்காமல். அவள் அதை நம்பினாள். முன்பக்கத்தை வைத்தே நன்றாக எழுதினாள்.

அக்காவின் கல்யாணத்துக்கு அவள் லீவு போட்ட வாரத்தில், இறம்பொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் மண் சரிந்ததாகச் செய்தி வந்தது. இதுதான் சமயம் என்று நினைத்தேன். "மண்சரிவு! தேயிலைக்குத் தட்டுப்பாடு வரலாம், இப்போதே வாங்குங்கள்" என்று எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன்.

பதில்கள் குவிந்தன. சிரித்துக்கொண்டே முதலாவதைத் திறந்தேன்.

"என் தங்கச்சி குடும்பம் அந்த லயத்துலதான் இருக்கு. உசிரோட இருக்காங்களான்னு தெரியல. நீங்க தேயிலை விக்கிறீங்களா?"

அடுத்ததும் அப்படித்தான். பத்துப் பன்னிரண்டு பேர் இனிமேல் மின்னஞ்சல் அனுப்பவேண்டாம் என்றார்கள். முதலாளி எல்லாவற்றையும் படித்துவிட்டு, "உங்கள நம்பித்தானே விட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் அவள் கையில் மருதாணி மங்காமல் வேலைக்கு வந்தாள். நடந்ததைக் கேட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நேராகத் தொலைபேசியை எடுத்துத் தோட்டத்து ஆபீசைப் பிடித்தாள். ஒரு லயத்தின் பின்சுவர் மட்டும் இடிந்திருந்தது, யாருக்கும் ஆபத்தில்லை, எல்லோரையும் பாடசாலையில் தங்கவைத்திருந்தார்கள். எந்தெந்தக் குடும்பம் என்று பெயர் கேட்டு எழுதினாள். பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போட்டாள். எதிலும் தேயிலை பற்றி ஒரு சொல் இல்லை. என் தவறு என்றும் எழுதவில்லை, "எங்கள் தவறு" என்றுதான் எழுதினாள்.

அன்று பின்னேரம், தங்கச்சி குடும்பத்தைப் பற்றி எழுதியிருந்தவரிடமிருந்து பதில் வந்தது. அவளை "மகளே" என்று அழைத்திருந்தார்.

நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். வெட்கமும் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக இருந்தது, அந்த "மகளே" எனக்கு வரவில்லையே என்ற எரிச்சல்தான்.

அடுத்த வாரத்திலிருந்து மின்னஞ்சல் முழுக்க அவள் பொறுப்பானது. நான் பெட்டிகளில் முகவரி ஒட்டினேன். ஒவ்வொரு பெட்டியும் அவள் எழுத்துக்குக் கிடைத்த பதில் என்று எனக்குத் தெரியும். கோணலில்லாமல் ஒட்டினேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.