தேத்தண்ணி போடும் ஆலோசகர்

நான் ஆசிரிய ஆலோசகர். பாடசாலை பாடசாலையாகப் போய், வகுப்பின் கடைசி வாங்கில் இருந்து பார்த்து, இன்னும் நல்லாய்ப் படிப்பிப்பது எப்படி என்று ஆசிரியர்களுக்குச் சொல்வதுதான் தொழில். "குறை பிடிக்கச் சம்பளமோ?" என்பாள் மனைவி. அவள் அதைச் சம்பளமில்லாமலே செய்கிறவள்.

சரி, ஆலோசகருக்கு யார் சொல்வது? அதற்காக ஆலோசகர்கள் நாங்கள் நாலு பேர் மாதம் ஒரு பின்னேரம் தோட்டவெளிப் பாடசாலையில் கூடுவோம். முறைவைத்து ஒருவர் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பார், மற்றவர்கள் பார்ப்பார்கள். முடிந்ததும் கேள்வி மட்டுமே கேட்கலாம். யாராவது வாய் தவறி ஆலோசனை சொன்னால், எல்லோருக்கும் தேத்தண்ணி போடுவது அவர் வேலை. இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் முசலியிலிருந்து வரும் டீச்சர். மாட்டுப்பட்டவன் நான். வருடக்கணக்கில் என் படிப்பித்தல் முன்னேறியதோ தெரியாது, தேத்தண்ணி முன்னேறியது.

ஒருமுறை நான் பின்னம் படிப்பித்தேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கோ தலைகால் தெரியாத புளுகம். டீச்சர் மெல்லக் கேட்டார்: "சேர், சிரிச்ச பிள்ளையளில ஆருக்குக் கால்வாசி விளங்கினது?"

அந்தக் கேள்வியைத்தான் இப்போது தேடுகிறேன். ஒருவர் ஓய்வு பெற்றார், ஒருவர் அதிபரானார், டீச்சர் தன் விருப்பத்தோடு முசலியில் வகுப்புக்கே திரும்பிவிட்டார். மிஞ்சியது கைபேசிக் குழு ஒன்று. அதில் ரோசாப்பூவோடு காலை வணக்கம் வரும். நான் போகும் பாடசாலைகளில் என்ன சொன்னாலும் "ஓம் சேர்" என்கிறார்கள். அதைவிடத் தனிமை வேறில்லை.

போன மாதம் டீச்சருக்குக் கோல் எடுத்தேன்.

"திரும்பக் கூடுவமோ டீச்சர்?"

"எங்க சேர் நேரம்? வேணுமெண்டா என்ர வகுப்புக்கு வாங்கோ. வந்து வாயைப் பொத்திக்கொண்டு இருக்கோணும்."

"நான் எப்பவும் அப்பிடித்தானே?"

"யா அல்லாஹ்!" என்று சிரித்தார்.

பஸ் பிடித்துப் போனேன். சின்னப் பிள்ளைகளின் வாங்கில் முழங்கால் நாடியில் முட்ட இருந்தேன். அதே பின்னம். ஒரு வத்தகப்பழத்தை வெட்டாமல் மேசையில் வைத்து, அதை எப்படிப் பங்கு போடுவது என்று பிள்ளைகளையே சண்டைபிடிக்க விட்டுவிட்டு, டீச்சர் சும்மா நின்றார். நான் இப்படிச் சும்மா நின்றதே இல்லை.

பிள்ளைகள் போனதும், "எப்பிடி சேர்?" என்றார்.

"அருமை. அந்தப் பழத்தைக் கொஞ்சம் முன்னுக்கு வச்சிருந்தா..."

டீச்சர் மூலையில் இருந்த கேத்திலைக் காட்டினார்.

தேத்தண்ணி போட்டேன். பழைய பழக்கத்தில் நாலு கோப்பையில் ஊற்றிவிட்டேன். இருவரும் மற்ற இரண்டையும் பார்த்துக்கொண்டு குடித்தோம். பிறகு டீச்சர் அவற்றைப் படமெடுத்துக் குழுவில் போட்டு, 'அடுத்தது ஆர்ட வகுப்பு?' என்று எழுதினார்.

திரும்பும் பஸ்ஸில் கைபேசியைக் கீழே வைக்கவில்லை. ஓய்வு பெற்றவர் கும்பிடும் கை ஒன்று அனுப்பினார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கே தெரியாது. மன்னார்ப் பாலம் ஏறும்போது அதிபர் எழுதினார்: 'சீனி போட்டதோ?'

கேள்விதான். ஆலோசனை இல்லை. சட்டத்தை அவர் மறக்கவில்லை.