சூரியன் மறைந்தால் இருட்டும்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், நீங்கள் சிரிக்க வசதியாக இருக்கும். சூரியன் மறைவதைப் பார்க்க ஒரு வாரம் திட்டம் போட்டவன், மறைந்தால் இருட்டும் என்பதை மட்டும் மறந்துபோனேன். பேய், முனி என்று யாராவது பேசினால் கேலி செய்தே விரட்டுகிற ஆள் நான். அந்த ஆள்தான் இதைச் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் எனக்கு வேலை. கல்யாணமாகி மூன்று மாதம். மனைவி புஷ்பம் வட்டவளைக்காரி, கொழுந்து பறிப்பவள். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு மேற்கே மலை மறைத்து நின்றதால் நாலு மணிக்கே வெயில் போய்விடும்.

"எங்க ஊர்ல பொழுது எறங்குறத முழுசா பாக்கலாம், இங்க என்னா இருக்கு?" என்று அவள் குறைப்பட, அந்த மலை உச்சிக்கே கூட்டிப்போவதாக வாயைக் கொடுத்தேன். வழி உள்ளங்கை மாதிரி தெரியும் என்றும் அளந்தேன். அதுவரை நான் அந்த மலையில் ஏறியதே இல்லை.

மழை விட்டுக் குளிர் இறுகிய தை மாதத்து ஞாயிறு. ரொட்டியும் சம்பலும் துணிப்பையில், பாலில்லாத சாயத்தண்ணி போத்தலுக்குக் கம்பளிக் காலுறை, எனக்கு மப்ளர், எல்லாம் தயார், டோர்ச் தவிர. தோட்டம் முடிந்து மானாப்புல் மட்டும் வளர்ந்த மொட்டை மலை. ஏறினோம். சூரியன் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. புஷ்பம் கண்ணை எடுக்காமல் பார்த்தாள்; நானோ சூரியனை நானே இறக்கிவைத்தது போல நின்றேன். திரும்பினால் பனிமூட்டம், இருட்டு, வழியைக் காணோம்.

"உள்ளங்கையப் பாத்துச் சொல்லுங்களேன்," என்றாள். அந்தப் பக்கம் எங்கோ மண் சரிந்த பள்ளம் இருப்பதாகக் கேள்வி. என்னை நம்பி வந்தவளை அதில் தள்ளிவிடுவேனோ என்று அவள் கையை இறுகப் பிடித்தேன்.

கீழே லயத்து விளக்கு மங்கலாகத் தெரிந்தது. அதை நோக்கிக் குறுக்கே காலெடுத்தேன். பின்னாலிருந்து ஓர் அதட்டல்: "நெரைய மாத்தாத! புடிச்ச நெரையிலயே எறங்கு!"

நிரை என்றால் கொழுந்து பறிப்பவளுக்குப் பிரித்துவிட்ட செடி வரிசை. பாதியில் மாறினால் வேலையை மேற்பார்க்கிற கங்காணி கத்துவார். எங்கள் சின்னச்சாமிக் கங்காணி ஞாயிற்றுக்கிழமைச் சாராயத்தோடு மலையேறிவிட்டார் என்று எனக்குச் சிரிப்பு. புஷ்பம் சிரிக்கவில்லை.

"கங்காணி சத்தம் போடுறாங்க, பேசாம வாங்க," என்று என் சட்டையைப் பிடித்து நேரே இழுத்துக்கொண்டு இறங்கினாள். இரண்டு பக்கமும் செடிகள் இடுப்பில் உரசின. நான் விலகப் பார்த்தபோதெல்லாம் அதே அதட்டல். அரை மணியில் தோட்டத்து ரோட்டில் நின்றோம்.

மறுநாள் விடிந்ததும் வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில், மலையில் அதட்டி நிரையோடு இறக்கியதற்குக் கங்காணிக்கு நன்றி சொன்னேன். ஒரு கன்னம் வீங்கிப்போய் நின்றார்.

"நேத்து பூரா பல்லு வலிடா, வாயத் தொறக்க முடியல, நான் எங்க அதட்டுறது? மொட்ட மலையில ஏதுடா நெரை?"

அப்போதுதான் உறைத்தது. வேலை முடிந்து ஓடிப்போய்ப் பார்த்தேன். இறங்கிய வழி நெடுக வெறும் புல். நான் குறுக்கே கால் வைக்கப் பார்த்த இடத்தில் லயக்கூரை உயரத்துக்குப் பள்ளம்.

வீட்டுக்கு வந்து ரொட்டிப் பையைப் பிரித்தால், உள்ளே கொழுந்து. இரண்டு இலையும் அரும்புமாக இரண்டு பிடி.

"நெரையில எறங்குனா கை சும்மா இருக்குமா?" என்றாள் புஷ்பம், பையை அடுப்புக்கு மேலே மாட்டியபடி.

நாலு நாள் அந்தப் பை தொங்கிய பக்கம் நான் தலை திருப்பவில்லை. ஐந்தாம் நாள் காலைத் தேத்தண்ணி அபாரம். இரண்டு கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தேன். அப்படியொன்றை இன்றுவரை எங்கும் குடித்ததில்லை, இப்போதும் சில நேரம் அந்த மணம் மூக்கில் ஏறி முதுகு சிலிர்க்கும். குடித்த தெம்பில், கொழுந்தை ஃபெக்டரியில் தேயிலை பதம் பார்க்கிற டீமேக்கரிடம் காட்டி எந்தச் செடியினுடையது என்று கேட்டுவிடலாம் என்று பையை இறக்கினேன். காலி.

"புஷ்பம், இதுல இருந்த கொழுந்து எங்க?"

அவள் அடுப்பிலிருந்து திரும்பக்கூட இல்லை.

"ரெண்டு கோப்ப குடிச்சீங்களே, அதான்."