நித்திரை கொண்ட விண்கப்பல்

"உங்கட கப்பல் நித்திரை கொள்ளுது."

கொழும்பிலிருந்து போனில் வந்த இந்த ஒரு வசனம் எங்கள் அலுவலகத்தையே கதிகலங்க வைத்தது. சொன்னவர் தர்ஷினி மிஸ். நாங்கள் செய்த விண்வெளிச் சண்டை கேமை வாங்கி வெளியிடுவதா, வேண்டாம் என்று விடுவதா என்று தீர்மானிக்கிறவர் அவர்தான். நாங்கள் அனுப்பிய பிரதியில் முதல் லெவலைக்கூட அவரால் முழு மெடலோடு முடிக்க முடியவில்லை.

"நான் வியாழக்கிழமை திருகோணமலைக்கு வாறன். உங்கட முன்னுக்கு இருந்தே விளையாடிப் பாக்கிறன். அப்பவும் இப்பிடித்தான் எண்டால், குறை நினைக்காதீங்க, நாங்க இதை விட்டிடுவம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கேம் டெஸ்டர் வேலைக்கு வர ஆசைப்படும் பிள்ளைகள் என்ன படிக்க வேண்டும் என்று என்னிடம் கேட்கிறார்கள். படிப்பதைப் படியுங்கள். அதற்கு முன் இந்தக் கதையைக் கேளுங்கள். இத்தனை வருட வேலையில் என் நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டது வேறெப்போதும் இல்லை.

1. மூன்று கதிரை, ஒரு கேம்

உட்துறைமுக வீதியில் ஒரு மாடி அறை. உள்ளே மூன்று கதிரை, மூன்று பேர். முதலாளி ஜெகன் அண்ணன். படம் கீறுவதும் அவர்தான். புரோகிராம் எழுதுவது மூதூரைச் சேர்ந்த றிபாஸ். நான் வதனி, டெஸ்டர். மற்றவர்கள் செய்ததில் பிழை பிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள். என் குணத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உலகத்தில் இல்லை என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

எங்கள் கேமில் பட்டன் கிடையாது. போனைச் சரித்தால் விண்கப்பல் அந்தப் பக்கம் போகும், சுடுவது தானாகவே நடக்கும். இதை டில்ட் கன்ட்ரோல் என்போம். எதிரிக் கப்பலைச் சுட்டு வீழ்த்தினால் அதிலிருந்து ஒரு மெடல் விழும். அது திரையை விட்டு மறைவதற்குள் போய் எடுக்க வேண்டும். விடாமல் எடுக்க எடுக்க ஒவ்வொரு மெடலின் மதிப்பும் கூடும், 'டிங்' என்கிற சத்தமும் ஒரு படி மேலே ஏறும். ஒன்று தவறினால் போச்சு, பழையபடி அடியிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அந்த டிங் ஏறிக்கொண்டே போகும்போது எனக்கு இன்றைக்கும் உடம்பு புல்லரிக்கும். மெடல்தான் எங்கள் கேமின் உயிர்.

அந்த உயிர்தான் போய்க்கொண்டிருந்தது. நான் போனைச் சரிப்பேன். கப்பல் ஒரு கணம் யோசிக்கும். பிறகு கலியாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி மெதுவாக அசைந்து வரும். அதற்குள் மெடல் கீழே விழுந்துவிடும்.

இதில் றிபாஸின் தலையெழுத்தும் தொங்கிக்கொண்டிருந்தது. அவனுடைய வாப்பா கத்தாரில் ஒரு வேலைக்கு ஒழுங்கு செய்துவிட்டார். கேமைக் கொழும்புக்காரர் எடுத்தால் இங்கே இருக்கலாம், எடுக்காவிட்டால் அடுத்த மாதம் பிளேன் ஏற வேண்டும் என்பது வீட்டில் முடிவான பேச்சு. எனக்கும் அவனுக்கும் ஒரு நாள் சண்டை இல்லாமல் விடியாது. ஆனாலும் அவனுடைய கதிரை வெறுமையாகக் கிடக்கும் என்று நினைத்தால் எனக்கு அழுகைதான் வந்தது. ஒரு வெடிப்புச் சத்தத்தைக்கூட நாள் முழுக்க ரசித்துச் செதுக்குகிறவனை நான் வேறெங்கும் கண்டதில்லை.

2. வீடியோ என்ற சாட்சி

"கப்பல் பிந்தி வருது எண்டு நான் எத்தினை தரம் சொன்னனான்? ஆர் கேட்டது?" என்று நான் கத்தினேன்.

"அக்கா, என்ட போன்ல நல்லாத்தானே ஓடுது! இன்னா, காலையில எடுத்தது, பாருங்க" என்று றிபாஸ் தன் போனை நீட்டினான்.

திரையைப் பதிவு செய்த வீடியோ. விண்கப்பல் வலமும் இடமும் வழுக்கிக்கொண்டு போகிறது. டிங், டிங், டிங். ஒரு மெடல்கூடத் தப்பவில்லை. கடைசியில் முழு மெடல். இப்படி ஒவ்வொரு நாளும் ஒன்று வைத்திருந்தான். ஜெகன் அண்ணன் இத்தனை நாளும் அவன் பக்கம் நின்றதற்குக் காரணம் இந்த வீடியோக்கள்தான்.

"அப்ப இப்ப இதில இருந்து விளையாடு பாப்பம்" என்றேன்.

விளையாடினான். மூன்றாவது மெடலே கைவிட்டுப் போனது. மறுபடியும் விளையாடினான். மறுபடியும் போனது.

"கை வேர்க்குதுக்கா. நீங்க இப்பிடி முறைச்சுப் பாத்தா எப்பிடி விளையாடுற?"

"தம்பி, உண்மையைச் சொல்லு. உன்ர போனில களவா ஏதும் கோட் போட்டிருக்கிறியோ?"

அவன் முகம் சிவந்துவிட்டது. "அல்லாவே! எனக்கு இது தேவையா அக்கா? நம்பாட்டி என்னோட வாங்க. நான் எப்பவும் லாஞ்சிலதான் விளையாடுற. பின்னேரமும் அதிலதான் போறன். உங்கட கண்ணால பாருங்க."

மூதூருக்குப் பாலங்கள் போட்டு பஸ் ஓடினாலும், அவன் வருவதும் போவதும் கொட்டியாரக் குடாவைக் கடக்கிற லாஞ்ச் படகில்தான். அலுவலகத்தில் மற்ற வேலைகள் குவிந்து கிடந்ததால், டில்ட் கன்ட்ரோலை அவன் அந்தப் பயணத்தில்தான் விளையாடிப் பார்த்து, அங்கேயே திருத்தியும் வந்திருக்கிறான். இது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். புதன்கிழமை பின்னேரம். மிஸ் வருவதற்கு நடுவில் ஒரு இரவுதான் இருந்தது. நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

3. கொட்டியாரக் குடாவில் முழு மெடல்

துறைமுகத்துக்குள் லாஞ்ச் சாதுவாகத்தான் போனது. குடாவின் நடுவுக்கு வந்ததும் காற்று பிடித்துக்கொண்டது. பலகையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே தாளத்தில் ஆடத் தொடங்கினோம். றிபாஸ் விளையாடினான். முழு மெடல்.

"இஞ்ச தா" என்று போனைப் பறித்தேன்.

லாஞ்ச் என்னை வலப்பக்கம் தள்ளியது. விழாமல் இருக்க நான் உடம்போடு இடப்பக்கம் சாய்ந்தேன், கையும் சேர்ந்து சாய்ந்தது. விண்கப்பல் பாய்ந்தது! டிங். அடுத்த அலை. டிங். டிங். நித்திரை கொண்ட கப்பல் எங்கே? இது பருந்து மாதிரி அல்லவா பாய்கிறது! சத்தம் ஏற ஏற எனக்கு மூச்சு முட்டியது. கடைசி எதிரி வெடித்து, கடைசி மெடலையும் எடுத்தபோது நான் "ஐயோ!" என்று கத்திவிட்டேன்.

எதிரே மரக்கறிப் பையோடு இருந்த ஒரு உம்மா பயந்துபோய், "என்ன புள்ள, போன் கடலுக்குள்ள உழுந்திட்டா?" என்று கேட்டார்.

"இல்ல உம்மா. மெடல் கிடைச்சிட்டு!"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி இருந்துகொண்டார்.

மூதூர் இறங்குதுறையில் லாஞ்சைக் கட்டினார்கள். ஆட்டம் நின்றது. நான் எழும்பாமல் இன்னொரு முறை தொடங்கினேன். முதல் மெடலே போய்விட்டது. கப்பல் மறுபடி நித்திரை.

எனக்குப் பொறி தட்டியது. "தம்பி, டில்டில என்னத்தை வெட்டி வச்சிருக்கிறாய்?"

"சின்னச் சின்னச் சரிவையெல்லாம் கணக்கெடுக்க வேணாம் எண்டு எழுதினன். இல்லாட்டி கப்பல் கிடந்து நடுங்குது."

"எங்க வச்சு நடுங்கினது?"

"இங்கதான், லாஞ்ச்ல..." என்றவன் அப்படியே நின்றுவிட்டான். கடலைப் பார்த்தான். கையிலிருந்த போனைப் பார்த்தான். "அக்கா, நான் கடலுக்கெல்லோ கேம் எழுதியிருக்கன்!"

அதுதான் நடந்தது. லாஞ்சில் எல்லாமே பெரிய ஆட்டம் என்பதால் சின்னச் சரிவுகள் அவனுக்கு வெறும் தொந்தரவு, வெட்டி எறிந்துவிட்டான். மேசைக்கு முன்னால் இருக்கிறவரோ கையைச் சின்னதாகத்தான் சரிப்பார். அவர் சரிக்கிற சரிவு முழுவதையும் எங்கள் கேம் படகின் நடுக்கம் என்று நினைத்துக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தது. வீடியோவில் திரை மட்டும்தான் தெரியும், கடல் தெரியாது.

எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது, அடிக்க வேண்டும் போலவும் இருந்தது. "நாளைக்கு லாஞ்சில வராதை, பஸ்ஸில வா. வழியில போனைத் தொட்டியோ, கொன்று போடுவன்" என்று சொல்லிவிட்டு நானும் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன்.

4. வியாழக்கிழமை

காலையில் திருத்தம் சின்ன வேலையாகத்தான் இருந்தது. மேசையில் வைத்து விளையாடினேன். கை அசைவதற்கு முதலே கப்பல் அசைந்தது. ஜெகன் அண்ணன் கதிரையை விட்டு எழும்பி நின்று கைதட்டினார்.

பழைய கோட் வரிகளை அழிக்கப் போனான் றிபாஸ். "அவமானம் அக்கா, இது ஒருத்தற கண்ணுலயும் படக்கூடாது."

"அழிக்காதை! செட்டிங்ஸில ஒரு பட்டனாப் போட்டு விடு. லாஞ்சில போற சனமும் கேம் விளையாடும்தானே."

"நக்கலடிக்கிறீங்க."

"ஓம், நக்கல்தான். எண்டாலும் போடு." அவன் முணுமுணுத்துக்கொண்டே 'லாஞ்ச்' என்று ஒரு பட்டனைக் கடைசியில் ஒளித்து வைத்தான்.

மத்தியானம் தர்ஷினி மிஸ் வந்தார். தேத்தண்ணியைத் தொடவில்லை, நேரே போனை எடுத்தார். சத்தம் ஏறியது. ஒன்பதாவது டிங்கில் ஒரு மெடலைத் தவறவிட்டு, "சீ! இன்னொருக்கா" என்றார். அந்த 'இன்னொருக்கா'வைக் கேட்க நான் எத்தனை மாதம் காத்திருந்தேன்! ஆனால் போகும்போது, "நல்லா இருக்கு. முடிவைப் போய்ச் சொல்றன்" என்றுதான் சொன்னார். எங்களுடைய டெஸ்ட் போனையும் கையோடு கொண்டு போனார்.

பின்னேரம் ஜெகன் அண்ணனின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"நான் கந்தளாய் தாண்டி பஸ்ஸில போறன். இப்ப என்ன இது, கப்பல் பேய் பிடிச்ச மாதிரி ஆடுது? ஒரு மெடலும் எடுக்கேலாமல் இருக்கு!"

ஜெகன் அண்ணன் தலையில் கை வைத்துவிட்டார். றிபாஸின் முகத்தில் கத்தார் தெரிந்தது. நான் போனுக்குப் பக்கத்தில் பாய்ந்தேன்.

"மிஸ், செட்டிங்ஸுக்குள்ள போங்கோ. ஆகக் கடைசியில 'லாஞ்ச்' எண்டு ஒரு பட்டன் கிடக்கு. அதை அமத்துங்கோ."

"லாஞ்சா? நான் பஸ்ஸிலயெல்லோ இருக்கிறன்."

"பரவாயில்ல மிஸ், அமத்துங்கோ."

கொஞ்ச நேரம் பஸ் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, டிங். இன்னொரு டிங். பஸ் எதிலோ ஏறி இறங்கிய சத்தம், அதோடு சேர்ந்து டிங். நாங்கள் மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு போனையே பார்த்தோம். சத்தம் ஏறியது, இன்னும் ஏறியது. ஒன்பதைத் தாண்டியது. றிபாஸ் கண்ணை மூடிக்கொண்டான். கடைசியில் முழு மெடலுக்கு மட்டும் வரும் அந்த இசை, நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து தேர்ந்தெடுத்த இசை, ஸ்பீக்கரில் கேட்டது.

"கொழும்பில எல்லாரும் பஸ்ஸிலயும் ரெயினிலயும்தானே விளையாடுறது" என்றார் தர்ஷினி மிஸ். குரலில் மூச்சு வாங்கியது. "இதை ஆர் யோசிச்சது? நாங்க எடுக்கிறம். நாளைக்குக் கடிதம் அனுப்புறன்."

ஜெகன் அண்ணன் மேசையில் ஓங்கிக் குத்தினார். நான் வெட்கமில்லாமல் அழுதேன். றிபாஸ் யன்னலடிக்குப் போய்ப் போன் எடுத்தான். "வாப்பா, நான் போகல்ல" என்றது மட்டும் கேட்டது.

இப்போது எங்களிடம் கதிரைகள் கூடிவிட்டன. புதிதாக வருகிற பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு நாளைக்கு என்னிடம் வந்து, "அக்கா, என்ர போனில நல்லா ஓடுது" என்பார்கள். நான் கேமைத் தொட மாட்டேன். "எங்க இருந்து விளையாடினனீ?" என்றுதான் முதலில் கேட்பேன். இந்தக் கேள்வி என் வாயில் வந்தவுடன், அடுத்த மேசையில் இருக்கிற றிபாஸ் ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொள்வான்.