என் கையைக் கட்டிய அம்மன்

"...அடுப்புக்காச்சும் ஆகட்டும்னுதான் சொல்றேன். அம்மனே பூக் குடுத்தும் ஏறாத புள்ளைக்கு எதுக்குடா வாசல அடைச்சுக்கிட்டு ஒரு கட்டை? வெட்டுனா பொங்கப் பானைக்கு வெறகாவும்!"

சொன்னது என் பெரியக்கா. முள்ளுக்குறிச்சியில் வாக்கப்பட்டவர். பொங்கலுக்கு முதல் நாள் மலையேறி எங்கள் வீட்டுக்கு வந்தவர், பையைக் கீழே வைப்பதற்கு முன்பே கொடுவாளைக் கையில் எடுத்துவிட்டார். அவர் பேசினால் மூன்று வயலுக்குக் கேட்கும். அன்று எல்லாருக்கும் கேட்டது. என் மகள் கௌசிக்கும் கேட்டது.

அம்மனை நம்புகிற சொந்தங்களே, அந்தக் கட்டையின் கதையைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். ஐந்தாவது வரை படித்தவன் நான். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கௌசிக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் ஜிம்னாஸ்டிக்ஸ் கற்றுக்கொள்கிறாள். அதில் இடுப்பு உயரத்துக்கு மேல் நாலு விரல் அகலக் கட்டை ஒன்று உண்டு. அதன் மேல் நடக்க வேண்டும், குதிக்க வேண்டும், பின்பக்கமாக வளைந்து கையூன்றிக் காலைச் சுழற்றித் திரும்ப நிற்க வேண்டும். வீட்டிலும் பழகட்டும் என்று, மிளகுக்கொடி ஏறியிருந்த சில்வர் ஓக் மரம் ஒன்றைச் சாய்த்து, நானே இழைத்து வாசலில் ஒரு கட்டை போட்டேன். எங்கள் வாசல் சரிவு. அதனால் கிழக்குப் பக்கத்துக் கால் மட்டும் ஆடும். அவள் ஏறும்போதெல்லாம் நான் குந்தி அந்தக் காலைப் பிடித்துக்கொள்வேன். அதன் மேல் நடந்துகொண்டே பல் துலக்குவாள் என் பிள்ளை.

ஆடி மாதம் நாமக்கல்லில் போட்டி. பின்பக்கம் வளைந்தபோது கை வழுக்கியது. தாடை கட்டையில் அடித்தது. நாலு தையல்.

தையல் பத்து நாளில் ஆறிவிட்டது. பயம் ஆறவில்லை. கட்டைப் பக்கமே போகமாட்டாள். மாட்டுக் கொட்டகைப் படியில் இறங்கவும் சுவரைப் பிடித்தாள். டீச்சரிடம் கூட்டிப்போனேன். "பயம் போனப்புறம் கூட்டிட்டு வாங்க. பயத்தைப் போக்கறது என் வேல இல்லீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். டீக்கடையில் இன்னும் மோசம். ஜீப் ஓட்டுகிறவர் ஒருவர், "ஏனுங்க, உங்க ஊட்டுக் கட்டையில கோழி நல்லாப் பழகுதாமே? அடுத்த போட்டிக்கு அதையே கூட்டிட்டுப் போங்க" என்றார். சிரிப்பு அடங்க வெகு நேரமானது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். அத்தனை பேர் மேலும் வந்த கோபம், வீட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளை மேல் திரும்பியது.

ஆவணியில் அம்மனிடம் போனேன். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வெள்ளை அரளியும் சிவப்பு அரளியும் தனித்தனி இலையில் மடித்து அம்மன் காலடியில் வைப்போம். மனதில் ஒன்றைக் கேட்போம். ஒரு மடிப்பை எடுப்போம். வெள்ளை வந்தால் ஆமாம், சிவப்பு வந்தால் இல்லை. "என் பிள்ளை திரும்பக் கட்டை ஏறுவாளா தாயே?" என்று கேட்டேன். வெள்ளை வந்தது.

வீடு வரைக்கும் ஓடினேன். "அம்மன் உத்தரவு குடுத்துருச்சு, ஏறு சாமி" என்றேன். மாட்டேன் என்றாள். கெஞ்சினேன். மாட்டேன் என்றாள். இடுப்பில் கை கொடுத்துத் தூக்கிக் கட்டை மேல் நிறுத்திவிட்டேன்.

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அவள் கத்திய கத்தலில் மேல்வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். நின்ற இடத்திலேயே பாவாடை நனைந்துவிட்டது. இறக்கிவிட்டதும் என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை, கொட்டகையில் அடிக்கிற ஆளை மாடு பார்க்கிற பார்வை. எட்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஊரும் பேசியது. அம்மன் வாக்கையே மீறினவள் என்றார்கள் பிள்ளையை. பெரியக்கா போனிலேயே சாபம் விட்டார். நான் அம்மனையே திட்டினேன். பூக் கொடுத்து ஏமாற்றிவிட்டாள் என்று என் மனைவி சரசுவிடம் கத்தினேன். கிழங்கு சீவிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, நீங்க கேட்டது என்ன? ஏறுவாளான்னு. ஆமான்னு சொல்லுச்சு. இன்னிக்கே தூக்கி நிறுத்தட்டுமான்னு கேட்டீங்களா? பூவு புள்ளைக்கு வந்துச்சு. உங்க கைக்கு வந்துச்சுன்னு யாரு சொன்னது?"

நம்மில் எத்தனை பேர் பூ வந்த மறுநிமிஷமே நாம் நினைத்த தேதியையும் அதோடு சேர்த்து முடிந்துகொள்கிறோம்! நானும் அதைத்தான் செய்தேன்.

அன்றைக்கே திரும்பக் கோயிலுக்குப் போனேன். இந்தத் தடவை பூக் கேட்கவில்லை. "தாயே, அவள் பயத்தை நீ உன் நேரத்துக்கு எடு. இப்போது என் கையைக் கட்டு. என் வாயையும் கட்டு" என்று விழுந்து கும்பிட்டேன்.

புரட்டாசி போனது. ஐப்பசி மழையில் கட்டை பாசி பிடித்தது. 'ஏறு' என்ற சொல் ஒவ்வொரு நாளும் தொண்டை வரை வந்தது. சரசுவுக்கும் வரும். அவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவாள், நான் மாட்டைப் பார்க்கப் போவேன். கார்த்திகையில் ஒரு நாள் கௌசி கட்டையில் சாய்ந்து நின்றாள். மார்கழியில் பள்ளிச் சீருடையை அதன் மேல் காயப்போட்டாள். பிறகு ஒரு நாள் அதில் உட்கார்ந்து மொச்சை உரித்தாள், கால் தரையில் படாமல். பார்த்தும் பாராதவன் போல் போனேன். தனியாகப் போய் அழுதேன்.

அப்புறம்தான் பெரியக்கா கொடுவாளோடு வாசலில் நின்றார். "தள்ளுங்கடா" என்று ஓங்கவும் செய்தார்.

உள்ளேயிருந்து கௌசி வந்தாள். "அத்தை, அது என்னோட கட்டை."

"உன் கட்டையா? அப்ப ஏறுடி பாக்கலாம், பயந்தாங்கொள்ளி!"

"ஏறுவேன். நீங்க சொல்றீங்கன்னு இல்ல."

ஏறினாள். யாரும் தொடவில்லை. சீருடை காயப்போட்ட அதே கட்டையில் நின்று இரண்டு கையையும் மேலே தூக்கினாள். என் கால் கிழக்குப் பக்கம் ஓடத் துடித்தது. பலாமரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கட்டு என்று கேட்டேனே, கட்டினாள் தாய். சரசு வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிள்ளை பின்பக்கமாக வளைந்தாள்.

காலைச் சுழற்றித் திரும்ப நின்றாள், சொந்தங்களே! லேசாகத் தள்ளாடினாள். ஆனால் நின்றாள்.

இப்போது மறுபடி பள்ளியில் பழகுகிறாள். பரிசு ஒன்றும் இன்னும் வரவில்லை. சில நாள் பயம் வருகிறது, அன்றைக்கு ஏறமாட்டாள், நாங்களும் ஏன் என்று கேட்பதில்லை. நான் டீக்கடைக்குப் போகிறேன், கோழிக் கதை சொன்னால் நானும் சேர்ந்து சிரிக்கிறேன். ஒரு பிள்ளையின் பயத்தை எடுத்தவள், அதற்கு முன்னால் ஒரு தகப்பனின் அவசரத்தை எடுத்தாள். இந்தக் கடனுக்கு என்னிடம் நன்றியைத் தவிர ஒன்றுமில்லை. உங்கள் வீட்டிலும் ஏதோ ஒரு கட்டையின் கீழே ஒரு பிள்ளை நின்றுகொண்டிருக்கும். அம்மனிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவள் நேரத்துக்கு விட்டுவிடுங்கள். தருவாள்.

பெரியக்காவைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் அம்மனுக்கே அடுக்காது. கௌசி கையைத் தூக்கியதும் கட்டையின் கிழக்குக் கால் ஆடியது. ஊரையே வாயால் மிரட்டுகிற என் அக்கா, கொடுவாளை எறிந்துவிட்டு மண்ணில் மண்டி போட்டு, அந்தக் காலை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டார்.