வெங்காயத் தாளுக்குள் புழு

பங்குனிக் கடைசியில் ஜப்பான்காரன் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்ட காலை, நான் நிலாவெளியில் எங்கள் வெங்காயப் பாத்திக்குள் நின்றேன். தாள்களில் பூச்சி முட்டை வைத்திருந்தது, பஞ்சு ஒட்டியதுபோல. அந்த நுனிகளைக் கிள்ளிச் சிரட்டையில் போட்டு எரிக்க வேண்டும். பொரித்துவிட்டால் புழு தாளைத் துளைத்து உள்ளே போய்விடும். பிறகு சாம்பல் தூவியும் பயனில்லை. கூப்பன் அரிசி அரைக் கிழமைக்கும் காணாது. மூதூரில் வெங்காயம் கொடுத்து நெல் வாங்கினால்தான் எங்களுக்குச் சோறு.

பத்து நுனி கிள்ளியிருப்பேன். நிலம் அதிர்ந்தது. சிரட்டையை எறிந்துவிட்டு ஓடினேன்.

நானும் புருஷனும் பனங்காட்டில் குழி தோண்டிக் கிடந்தோம். வண்டு இரைந்தாலும் விமானம் என்று நான் தலையை மண்ணுக்குள் புதைத்தேன். இரண்டாம் நாள் அவர் எழும்பினார்.

"முட்டையைக் கிள்ளிப்போட்டு வாறன்."

"வெட்டவெளியில நிண்டு சாகப் போறீங்களோ? மார்கழியில பொரிக்க அஞ்சு நாள் எடுத்தது. இன்னும் மூண்டு நாள் கிடக்கு."

"மார்கழியில நீ போர்த்துக்கொண்டெல்லோ படுத்தனீ. இப்ப மண்ணில கால் வைக்க ஏலாது."

"பூச்சிக்கும் போர்வை வேணுமோ? பேசாமல் இருங்கோ."

இருந்துவிட்டார். என் கதையைக் கேட்டு அல்ல, அவருக்கும் பயம்.

நாலாம் நாள் மத்தியானம் போனோம். தாள்களில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். ஒன்றைக் கிழித்தேன். உள்ளே நூல் கனத்தில் ஏழெட்டுப் பச்சைப் புழு. வாடைக் குளிரில் ஐந்து நாள் கிடந்த முட்டை, இந்த வெயிலில் இரண்டு நாளில் பொரித்திருக்கிறது. சூட்டில் முட்டை கெதியாகப் பொரிக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். வெளியே வரப் பயந்து மார்கழிக் கணக்கைப் பிடித்துக்கொண்டேன்.

புழு விழுந்த தாள்களை அடியோடு அறுத்துக் கடகத்தில் போட்டோம். அப்போது விமானச் சத்தம். யாருடையது என்று தெரியாது.

"படு! படு!" என்று கத்தியபடி அவர் வாய்க்காலுக்குள் விழுந்தார்.

நானும் விழுந்தேன். சீலையோடு மூத்திரம் போய்விட்டது. ஆனால் ஓடவில்லை. அந்த வெயிலில் இன்னொரு நாள் விட்டால் ஒன்றும் மிஞ்சாது. குப்புறக் கிடந்தபடியே கைக்கு எட்டிய தாள்களை இழுத்து அறுத்தேன்.

சத்தம் கடல் பக்கம் போய்விட்டது. பொழுதுபட முன் பதினாறு பாத்தியில் ஆறைத்தான் துப்புரவாக்க முடிந்தது. மற்றப் பத்தையும் அந்தக் கிழமையே பிஞ்சாகப் பிடுங்கினோம். பிஞ்சு வெங்காயத்துக்கு ஒருவரும் நெல் தர மாட்டார்கள். சித்திரை முழுக்க அதை மரவள்ளிக் கிழங்கோடு அவித்துத் தின்றோம்.