சோறு ஆறாத தூரம்

எங்களுக்குக் கல்யாணம் ஆகி இருபத்தேழு வருடம் வரை நான் ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்தேன். பினாங்கில், லிட்டில் இந்தியாவில் என் வீட்டுக்காரருக்கு மசாலாக் கடை. கடைக்கு மேல்மாடியில் குடித்தனம். படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்துக் கடையின் சுவர். அதில் ஒரு பாசிக் கறை. ஆரம்பத்தில் உள்ளங்கை அளவு இருந்தது, போகப் போகக் கதவளவு ஆனது. எங்கள் ஒரே மகள் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து படித்து, வேலை கிடைத்து, கோலாலம்பூருக்கே போய்விட்டாள். கறை மட்டும் எங்களோடு இருந்தது.

நான் அக்கரையில், பட்டர்வொர்த்தில் படகுத்துறைப் பக்கம் பிறந்தவள். பல் துலக்கும்போதே கடலைப் பார்த்து வளர்ந்தவள். பெண் பார்க்க வந்த அன்று இவர் என்னிடம் பேசிய ஒரே வாக்கியம் இதுதான்: “பினாங்கு தீவு லா, எந்தப் பக்கம் திரும்புனாலும் கடல்தான்.” மனிதர் பொய் சொல்லவில்லை. எங்கள் ஜன்னல் பக்கம் திரும்பாதவரை கடல்தான். அந்த ஒரு வாக்கியத்தை நம்பி ஃபெரி ஏறியவள் நான். பிறகு வருடத்துக்கு நாலு தடவை பெருநாள், விசேஷம் என்று அம்மா வீட்டுக்குப் போகும்போது, அதே ஃபெரியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் கடல் பார்ப்பேன். அவ்வளவுதான் எனக்கு வாய்த்த கடல்.

இப்படி இருக்கையில் கட்டட உரிமையாளர் ஒருநாள் வந்து, மேல்மாடியைச் சுற்றுலாப் பயணிகளுக்கு ஹோட்டலாக்கப் போவதாகச் சொன்னார். கீழே கடை இருக்கலாம். மேலே நாங்கள் ஆறு மாதத்தில் காலி செய்ய வேண்டும். அந்தப் பாசிச் சுவரைப் பார்க்க வெள்ளைக்காரர்கள் காசு கொடுத்து வருவார்களாம். வந்து நன்றாகப் பார்க்கட்டும். அவர் படி இறங்கிப் போனதும் நான் இரண்டு ரக்அத் தொழுது அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன்.

“இனிமே குடியேறுனா கடல் பக்கந்தான். ஜன்னல்ல கடல் தெரியணும்” என்று இவரிடம் சொல்லிவிட்டேன்.

இவர் பதிலே சொல்லவில்லை. பதிலைப் போய் நாசி கண்டார் சோற்றுக் கடையில் சொல்லியிருக்கிறார். அது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், கடையிலிருந்து நாலு எட்டில் இருக்கிறது. மஃரிபு தொழுகை முடிந்ததும் அங்கே ஒரு பொட்டலம் வாங்கி, நாலு குழம்பும் கலந்து ஊற்றச் சொல்லி, சூடு ஆறுவதற்குள் வீட்டுக்கு ஓடி வந்து சாப்பிடுவது இவருடைய கல்யாணத்துக்கு முந்தைய பழக்கம். நான் என்ன சமைத்தாலும் பக்கத்தில் அந்தப் பொட்டலமும் இருக்கும். அன்று கூட்டாளிகள் எல்லாரும் கேட்க, “கடல் பக்கம் போறதுல எனக்கு ஒண்ணும் இல்ல லா. ஆனா இங்க கட்டுன பொட்டலத்த அங்க பிரிக்கையில சூடா இருக்கணும். ஆறிப்போனா அந்த வீடு வேணாம். இது என் வாக்கு” என்று அறிவித்துவிட்டார். எனக்குச் செய்தி வருவதற்குள் மார்க்கெட் ஸ்திரீட் முழுவதும் போய்விட்டது.

அப்படி ஒரு வீடு கிடைக்காவிட்டால்? அதற்கும் வழி தயாராக இருந்தது. அடுத்த சந்தில் இவருடைய கூட்டாளியின் கடைமாடி காலியாகக் கிடந்தது. நான் போய்ப் பார்த்தேன். ஜன்னலைத் திறந்தேன். சுவர்! இதில் பாசி கூட இல்லை, வேடிக்கை பார்க்க.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் ஒத்துக்கொண்டேன். இந்தச் சின்னத் தீவில் சோறு ஆறாத தூரத்தில் ஒரு கடல் கிடைக்காமலா போகும் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு இந்த மனிதர் அசைந்தால்தானே! நாலு மாதம். ஒரு வீடு பார்க்கவில்லை, ஒருவருக்கும் ஃபோன் போடவில்லை. சாயங்காலமானால் கடையை வேலையாளிடம் விட்டுவிட்டு எங்கேயோ போய்விடுவார். இரண்டு மணி நேரம் கழித்துக் காரை நிறுத்திவிட்டு மாடி ஏறி வந்து, “பசிக்கல” என்பார். எங்கேயோ உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசிவிட்டு வருகிறார் என்று எனக்குத் தெரியாதா?

“ஆறு மாசம் கெடுவுல நாலு மாசம் போச்சு. நீங்க வேணும்னேதான் இழுக்குறீங்க. கடைசில அந்தச் சந்துக்குள்ளயே என்னத் தள்ளிடலாம்னு பாக்குறீங்க.”

“பாப்போம் லா, பாப்போம்.”

“எதப் பாப்போம்? செவுத்தயா?”

நோன்பு பிறந்தது. முதல் நோன்பன்று விடியுமுன் சஹர் சாப்பாட்டில் கையை அலம்பிக்கொண்டே இவர் சொன்னார்: “இன்னிக்கி வீடு பாக்கப் போறோம். ஏழு மணிக்கு ரெடியா இரு.”

“நோன்பு தொறக்குற நேரத்துலயா? புத்தி கித்தி இருக்கா உங்களுக்கு?”

“நோன்பு மாசத்துல கடையில கூட்டம். அந்த நேரந்தான் எனக்கு ஓய்வு.”

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து இரண்டு வாரம் நாங்கள் நோன்பு திறந்ததெல்லாம் யார் யாருடைய காலி வீட்டிலோதான். ஏழே காலுக்குப் பொட்டலம் கட்டியாகும். காரில் நான் அதை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், ஆனால் கையால் மூடக் கூடாது. என் கைச்சூடு சோற்றுக்கு ஏறிவிட்டால் அது கள்ள ஆட்டமாம். வீடு காட்டும் முகவர் அம்மா சாவியோடு அங்கே காத்திருப்பார். அவர் சீனர், மலாய் மொழியில் பேசுவார். மற்றவர்கள் எல்லாம் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். நாங்கள் நேராக உள்ளே போய், கூடத்து நடுவில் நாளிதழை விரித்து உட்காருவோம். பாங்கு சொன்னதும் ஒரு பேரீச்சம்பழம், ஒரு வாய்த் தண்ணீர். பிறகு இவர் பொட்டலத்தைப் பிரித்து, சோற்று நடுவில் ஆள்காட்டி விரலை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு நாடி பார்ப்பார். முதல்நாள் முகவர் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். இது ஏதோ புதுவீட்டுச் சடங்கு என்று நினைத்தாராம்.

முதல் வீடு பாயான் பாரு. பால்கனியிலிருந்து கடல் தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். தெரிந்தது, நான் கம்பிக்கு வெளியே இடுப்பு வரை சாய்ந்து, இவர் பின்னால் என்னைப் பிடித்துக்கொண்டபோது, இரண்டு அடுக்குமாடிக்கு நடுவில் ஒரு விரற்கடை அகலத்துக்கு. இவர் நாடி பார்த்துவிட்டு, “வெதுவெதுப்பு” என்றார். அந்த வீடு எங்கள் இரண்டு பேரிடமும் தோற்றது.

அடுத்தது தஞ்சோங் தொக்கோங். சோறு நல்ல சூடு. கடலும் ஜன்னல் நிறைய இருந்தது. ஆனால் அதில் மண்ணைக் கொட்டி நிரப்பிக்கொண்டிருந்தார்கள். நான் கடல் என்று பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் ஒரு லாரி வந்து திரும்பியது. “இன்னும் எத்தனை வருடத்துக்கு இது கடல்?” என்று நான் கேட்டேன். முகவர் அம்மா நேர்மையானவர். பொய் சொல்வதற்குப் பதிலாகப் பொட்டலத்திலிருந்து ஒரு வெண்டைக்காயை எடுத்துக்கொண்டார். நாலாம் வீடு வருவதற்குள் அவர் தனக்கும் ஒரு பொட்டலம் வாங்கி வரச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

கடைசியாகத் தஞ்சோங் பூங்கா என்ற கடலோர ஊர். இன்னும் தள்ளி. இது தேறாது என்று காரில் ஏறும்போதே முடிவு கட்டிவிட்டேன். ஆனால் சாலை வெறிச்சோடிக் கிடந்தது. பாதி ஊர் பேரீச்சம்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பாங்குக்குக் காத்திருந்தது. மீதிப் பாதி ஊர் நோன்புச் சந்தை நெரிசலுக்குப் பயந்து வெளியே வரவே இல்லை. கார் பறந்தது. ஒன்பதாவது மாடி. கதவைத் திறந்ததும் கடல். கூடத்தில் கடல், படுக்கையறையில் கடல், துணி காயப்போடும் இடத்தில் கூடக் கடல்! நான் பால்கனிக்குப் போகவில்லை. போனால் அழுதுவிடுவேன். இவருடைய விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இவர் விரலை விட்டார். கண்ணை மூடினார். “ஸ்ஸ்” என்று விரலை இழுத்துக்கொண்டார்.

“சுடுது லா” என்றார், ஏதோ தோற்றுப்போனவர் மாதிரி.

இரண்டு வருட வாடகைக்குக் கையெழுத்துப் போட்டோம். பெருநாளை அங்கேதான் கொண்டாடினோம்.

பெருநாள் முடிந்து கடை திறந்த முதல் திங்கட்கிழமை. எட்டு மணிக்குள் வந்துவிடுவார் என்று தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எட்டே கால். எட்டரை. ஒன்பதாவது மாடியிலிருந்து பார்த்தால், கடலோரச் சாலை முழுவதும் சிவப்பு விளக்கு. ஊரே அந்த ஒற்றைச் சாலையில் நின்றது. ஒன்பதுக்கு மனிதர் வந்து சேர்ந்தார், சட்டை கசங்கி, கண் சிவந்து. பொட்டலத்தைப் பிரித்தார். குழம்பு மேல் கொழுப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. விரலை விட்டார்.

“சூடாத்தான் இருக்கு” என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடப்பாவி மனுசா! நோன்பு திறக்கும் நேரத்தில் சாலையைப் பார்த்து வீடு எடுத்த ஆட்கள் இந்தத் தீவிலேயே நாங்கள் இரண்டு பேர்தான் இருப்போம். முப்பது வருடம் இதே ஊரில் வியாபாரம் செய்கிற மனிதருக்கு இது கூடவா தெரியாமல் போயிற்று? நான் பொருமித் தீர்த்தேன். மகளிடம் சொன்னேன், நாத்தனாரிடம் சொன்னேன், பட்டர்வொர்த்தில் அம்மா வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சேர்ந்து சிரித்து, “ஆமா லா, தெரியாமப் போச்சு” என்பார்.

கோபம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். ஆறின சோற்றைச் சாக்காக வைத்து, “என் வாக்கு என்னாச்சு, திரும்பிப் போவோம்” என்று ஒருநாள் கேட்டால் என்னால் என்ன சொல்ல முடியும்? இரண்டு வருடம் முடியும்போது கேட்பார் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். கடல் என்னைப் படுத்தாமல் இல்லை. உப்புக் காற்றில் அரவை மிஷின் துருப்பிடித்தது, தண்ணீர் வற்றினால் சேற்று நாற்றம் கூடம் வரை வந்தது. ஆனாலும் பல் துலக்கும்போது கடல் இருந்தது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. சோற்றை மைக்ரோவேவில் வைக்கவா என்றால் இவர் விடமாட்டார். “எதுக்கு? சூடாத்தான் இருக்கு” என்பார். தினமும் இதே பாட்டு. தினமும் நான், “ஆறிப்போச்சுன்னு வாயத் தொறந்து சொல்லுங்களேன்!” என்று கத்துவேன்.

போன மாதம் துணி வாங்க டவுனுக்குப் போயிருந்தேன். எங்கள் கடைக்குப் போனால் அங்கே ஒரு கல்யாணச் சரக்குக்கு ஆட்கள் நின்றார்கள். “இன்னிக்கி நீயே போயி பொட்டலம் வாங்கிட்டு வா” என்று இவர் என்னை அனுப்பினார். கண்டார் கடைக்காரர் எனக்குத் தம்பி வயது. அள்ளிப் போட்டுக்கொண்டே குசலம் விசாரித்தார்.

“கடல் எப்படிக்கா இருக்கு?”

“கடல் நல்லாத்தான் இருக்கு, தம்பி. சோறுதான் ஐஸா வருது. உங்க அண்ணன் புத்தியக் கடன் குடுத்துட்டு வீடு பாத்தாரே!”

கரண்டி நின்றது. “அக்கா, அண்ணன் உங்ககிட்ட இன்னுமா சொல்லல?”

“எத?”

“வீடு பாக்குறதுக்கு முன்னாடி நாலு மாசம், தெனம் சாயங்காலம் எங்கிட்ட பொட்டலம் கட்டிக்கிட்டுக் காடியில அந்தக் கடல் பக்கம் போவாரு. அங்க ரோட்டோரமா நிறுத்திப் பிரிச்சுப் பாத்துட்டு, மறுபடி இங்க வந்து, ஆறுன சோத்த இந்த மேசையிலதான் ஒக்காந்து திம்பாரு. ‘இன்னிக்கும் ஆறிப்போச்சு லா’ன்னு மொகத்தத் தொங்கப்போட்டுக்குவாரு. அஞ்சரைக்குப் போயிப் பாத்தாரு, ஆறுக்குப் போயிப் பாத்தாரு. கடைசில எங்கிட்டயே கேட்டாரு, எந்த நேரம் போனா சூடா போயிச் சேரும்னு. நாந்தான் சொன்னேன். ‘நோன்பு வரட்டும் அண்ணே, பாங்குக்குக் கால் மணி முன்னாடி ரோட்டுல ஈ காக்கா இருக்காது’ன்னு.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “எல்லாருக்கும் முன்னால வாக்கு விட்டுட்டாருல்ல. மீற முடியுமா?”

நான் பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். நன்றி சொன்னேனா இல்லையா என்று கூட நினைவில்லை.

திரும்பும்போது இவர்தான் ஓட்டினார். அன்று ஜாம் பயங்கரம். ஒரு மணி பத்து நிமிடம். நான் வாய் திறக்கவில்லை. இவர் இரண்டு தடவை, “ஒடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். திட்டாத மனைவியைப் பார்த்தால் பாவம், பயமாக இருக்காதா. நான் பொட்டலத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வந்தேன். கள்ள ஆட்டம் என்று இவர் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து பால்கனியில் உட்கார்ந்தோம். அக்கரையில் பட்டர்வொர்த் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. இவர் பொட்டலத்தைப் பிரித்தார். கொழுப்பு வழக்கம்போல் வெள்ளையாகப் படிந்திருந்தது. விரலை விட்டார். இவர் வாயைத் திறப்பதற்குள் நானும் என் விரலை விட்டேன். சில்லென்று இருந்தது.

“சூடாத்தான் இருக்கு” என்றேன்.

இவர் கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார், சோற்றைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

“அந்தப் பய சொல்லிட்டானா?” என்றார்.

“பேசாம சாப்பிடுங்க” என்றேன். “ஆறிடப் போவுது.”