பாலவாக்கத்துக் கரையில் பதினாறு அடிக் கம்பம்

மயிலாப்பூர் தந்தி அலுவலகத்தில் டோரதியின் கை வேகத்துக்கு ஈடு கிடையாது. கல்யாண வாழ்த்தோ சாவுச் செய்தியோ, நிமிடத்துக்கு இருபத்தைந்து சொற்களை மோர்ஸ் குறியீட்டில் தட்டி அனுப்பிவிடுவாள். அலுவலகம் விட்டு மேற்கு மாம்பலத்து மாடிப் போர்ஷனுக்கு வந்ததும் மறுபடி தட்ட உட்காருவாள். இது அவளுடைய சொந்த வானொலி. தேர்வு எழுதி, பொழுதுபோக்காக வானொலியில் பேசுவோருக்கான அமெச்சூர் உரிமம் வாங்கி, ஐந்து வாட் கருவியைத் தன் கையாலேயே சாலிடர் வைத்துச் செய்திருந்தாள். மொட்டை மாடியில் பதினாறு அடி அலுமினியக் குழாய் செங்குத்தாக நின்றது. அதுதான் ஆன்டெனா.

ஐந்து வருடமாக அந்தக் குழாயின் சிக்னல் கல்கத்தாவைத் தாண்ட மறுத்தது. அதிர்ஷ்டம் இருந்தால் சிங்கப்பூர்.

1973இல் ஒருநாள் அந்தமான் பக்கம் போய்க்கொண்டிருந்த சரக்குக் கப்பலிலிருந்து ஓர் அமெச்சூர் அவளுக்குப் பதில் தந்தார். அவரிடமும் ஐந்து வாட்தான், ஒற்றைக் கம்பிதான். ஆனால் ஆஸ்திரேலியாவோடு தினமும் பேசுவதாகச் சொன்னார். கப்பலைச் சுற்றிக் கடல்தானே என்று டோரதி இரவெல்லாம் யோசித்தாள்.

மறுநாளே மயிலாப்பூரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த வலியுல்லாவிடம் போனாள். அவரும் உரிமம் பெற்றவர். பவர் இல்லாமல் எதுவும் நடக்காது என்பது அவர் கட்சி.

"பாய், கம்பத்தைக் கடலோரமா நட்டுப் பார்க்கணும்."

"இன்னாம்மா சொல்றே? கடல்ல உப்புதான் கீது. பவரா கீது?"

"அந்த உப்புதான் பாய் விஷயம். தூரம் போகிற ரேடியோ அலை அடிவானத்தை ஒட்டித் தாழ்வா கிளம்பணும். மாம்பலத்து மண்ணு அதைப் பாதி குடிச்சிடுது. உப்புத் தண்ணியில மின்சாரம் நல்லா ஓடும். அது குடிக்காம அப்படியே எத்தி விட்டுடும்."

வலியுல்லா சிரித்தார். ஆனால் லாரி பேட்டரி ஒன்றைத் தருவதாகவும் சொன்னார்.

வேறு இடத்தில் கருவியை இயக்க அனுமதி கேட்டு எழுதிய கடிதத்துக்கு மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து சாப்பிட்டதும், டோரதியும் கணவர் ராஜநாயகமும் வலியுல்லாவும் டாக்சியில் பாலவாக்கம் போனார்கள். குழாய் டாக்சியின் கூரையில் கட்டப்பட்டிருந்தது. அலை வந்து தொடும் ஈர மணலில் கம்பத்தை நட்டார்கள். அதன் அடியிலிருந்து எர்த்துக்காக எட்டுக் கம்பிகளை விரித்து, நான்கைக் கடலுக்குள்ளேயே விட்டாள். ராஜநாயகம் கம்பத்தைக் கயிறு போட்டு இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

நாலரை மணிக்கு ஹெட்போனை மாட்டினாள். அழைப்பைத் தட்டினாள். மூன்றாம் முறை தட்டி முடிப்பதற்குள் தெளிவாக ஒரு பதில் விழுந்தது. அவள் பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டாள்.

"எங்கேருந்து?" என்றார் ராஜநாயகம்.

"நியூசிலாந்து. டுனெடின். நம்ம சிக்னலோட வலிமை ஒன்பதுக்கு ஏழுன்னு சொல்றார்."

வலியுல்லா ஹெட்போனை வாங்கிக் கேட்டார். பிறகு, "வானம் இன்னிக்கி நல்லா கீது. அதான்" என்றார்.

டோரதி விடவில்லை. கால் மணி நேரம் காத்திருக்கும்படி டுனெடின்காரரைக் கேட்டுக்கொண்டாள். கம்பம், கம்பிகள், பேட்டரி எல்லாவற்றையும் மூவருமாகத் தூக்கிக்கொண்டு முந்நூறு கஜம் உள்ளே, சவுக்குத் தோப்புக்குப் பின்னால் ஓடினார்கள். அவள் புடவைக் கொசுவம் முழுக்க மணல். அதே கருவி, அதே கம்பம், அதே எட்டுக் கம்பி. தட்டினாள். பதில் வந்தது: வலிமை மூன்று, பாதி புரியவில்லை.

மறுபடி கரைக்கு ஓடினார்கள். இந்த முறை பேட்டரியைச் சுமந்தவர் வலியுல்லா. ஐம்பத்திரண்டு வயதில் அவர்தான் முன்னால் ஓடினார்.

"ஏழு," என்றாள் டோரதி. மூச்சு வாங்கியது.

"நீ சொன்னதுதாம்மா சரி," என்று மணலில் உட்கார்ந்தார் வலியுல்லா. "நா ஒரு தபா தட்டிப் பாக்கட்டுமா?"

பொழுது சாய்வதற்குள் அவர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தோடு பேசிவிட்டார்.

அந்த அளவுகளை டோரதி அமெச்சூர்களின் சைக்ளோஸ்டைல் இதழில் எழுதினாள். பம்பாயிலிருந்தும் விசாகப்பட்டினத்திலிருந்தும் கடிதங்கள் வந்தன. இரண்டு வருடத்தில் பாலவாக்கத்திலேயே வாடகை வீடு பார்த்தார்கள். வேலைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது. அதற்கு அவள் முகம் சுளிக்கவில்லை. உப்புக்காற்றுதான் அவளைப் படுத்தியது. இணைப்புகளில் பச்சை பூத்துவிடும். சனிக்கிழமைதோறும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கிரீஸ் தடவுவாள்.

1979க்குள் அவள் தொடர்பு கொண்ட நாடுகள் அறுபத்திரண்டு ஆயின. சிலி நாடு பதில் தந்த அன்று, ராஜநாயகம் அடுப்பிலிருந்த மீன்குழம்பை அப்படியே விட்டுவிட்டு வந்து அட்லஸை விரித்தார். வங்கக் கடலோரம் விரலை வைத்து, ஆஸ்திரேலியாவுக்குக் கீழாகப் பசிபிக் வழியே சிலி வரை நகர்த்திக்கொண்டே போனார்.

"நடுவுல எல்லாம் தண்ணிதான் டோரதி," என்றார்.

அவள் தலையாட்டினாள். கை தந்திச் சாவியைத் தட்டிக்கொண்டிருந்தது.